வயதைக் கேட்கிற ஊர்: ஹனோய் நாட்குறிப்பு

5 ஜனவரி 2025, ஞாயிறு இரவு

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பாங்காக்கில் நடந்த கால்பந்து இறுதி ஆட்டத்தில் வியட்நாம் 3-2 என்று ஜெயித்துவிட்டது. இரண்டு ஆட்டமும் சேர்த்து 5-3, ஆசியான் கோப்பை இவர்களுக்கு. கடைசி விசில் ஊதியதும் எங்கள் சந்து முழுக்க வெளியே வந்துவிட்டது, சட்டி மூடி, தட்டு, கரண்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் தட்டிக்கொண்டு, மஞ்சள் நட்சத்திரம் போட்ட சிவப்புச் சட்டையில், ஒரு பைக்கில் மூன்று பேராக. இதற்கு இங்கே 'தி பாவ்' என்று பெயர், புயலாகப் புறப்படுவது என்று அர்த்தம்.

வீட்டுக்காரப் பாட்டியும் வாசல் படியில் நின்று மூடி தட்டினார். நடுவில் நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியட்நாம் ஆட்டக்காரர் சுவான் சோனுக்குக் கால் முறிந்துவிட்டது, அதை நினைத்து. அவர் பிரேசிலில் பிறந்தவர், போன வருடம்தான் இந்த நாட்டுக் குடிமகனானார், அப்போது வைத்துக்கொண்ட பெயரில் 'சுவான்' என்றால் வசந்தம். பாட்டி அவரை ஆட்டக்காரர் என்றே சொல்லவில்லை, "நம்ம பையன், நம்ம பையன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வியட்நாமியர்கள் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள், மனதில் இருப்பதைக் காட்ட மாட்டார்கள் என்று வெளியாட்கள் எழுதுவதை எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன். அவர்களை இன்றைக்கு இந்தச் சந்தில் நிறுத்தியிருக்க வேண்டும்.

8 ஜனவரி, புதன்

அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஜெர்மன்காரர் இன்று சாப்பாட்டு வேளையில் மனம் நொந்து பேசினார். வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, அதற்குள் பத்துப் பதினைந்து பேர் வயதைக் கேட்டுவிட்டார்களாம், கல்யாணம் ஆகிவிட்டதா என்றும் கேட்கிறார்களாம். "பேர் கேட்பதற்கு முன்னாலேயே வயதைக் கேட்கிறார்கள், இது என்ன மரியாதை?" என்றார்.

அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், எனக்கு இது முக்கியமான விஷயம். இந்த மொழியில் அன்றாடப் பேச்சுக்கென்று பொதுவான 'நான்', 'நீ' கிடையாது. 'தோய்' என்று ஒரு 'நான்' இருக்கிறது, ஆனால் அதைப் பழகியவர்களிடம் சொன்னால் எட்டி நிற்கிற மாதிரி ஆகிவிடும். எதிரில் இருப்பவர் அண்ணனா, அக்காவா, தம்பி தங்கையா, அத்தையா, தாத்தாவா என்று தெரிந்தால்தான் வாயைத் திறக்க முடியும், ஏனென்றால் அந்த உறவுச் சொல்தான் 'நீங்கள்', அதற்கு ஜோடியான உறவுச் சொல்தான் 'நான்'. வயது தெரியாவிட்டால் வாக்கியமே தொடங்காது.

இதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு. 2023இல் நான் வந்த புதிதில், சந்து முனையில் ஐஸ் டீ விற்கிற அம்மா என் வயதைக் கேட்டார், 1987இல் பிறந்தேன் என்றேன். அடுத்த கேள்வி, "அப்பாவுக்கு என்ன வயது?" எனக்குக் கொஞ்சம் திகைப்புதான். 70 என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்போ நான் உனக்கு கோ" என்றார். அப்பாவை விட மூத்தவராக இருந்திருந்தால் அவரை 'பாக்' என்று கூப்பிட வேண்டும், இளையவர் என்பதால் 'கோ', அதாவது அத்தை. ஆண்களுக்கும் இதே கணக்கு, பெரியப்பா வயதுக்காரர் 'பாக்', சித்தப்பா வயதுக்காரர் 'சூ'. அப்பாவின் அண்ணனையும் தம்பியையும் வேறு வேறு சொல்லால் கூப்பிட்டு வளர்ந்த எனக்கு இது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது, ஜெர்மன்காரருக்கு ஒரு மாதம் ஆகலாம், பரவாயில்லை.

கல்யாணக் கேள்விக்கும் ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன். 'இல்லை' என்று முடித்துவிடக் கூடாது, 'சுவா' என்று சொல்ல வேண்டும், 'இன்னும் இல்லை'. அந்தச் சொல்லில் கதவு திறந்தே இருக்கிறது, கேட்டவருக்கும் நிம்மதி. "அன் கொம் சுவா?" என்று தினமும் கேட்கிறார்களே, அதிலும் இதே 'சுவா'தான். சாப்பிட்டாச்சா, இன்னும் இல்லையா?

13 ஜனவரி, திங்கள்

ஊரில் இன்று போகி. நாளைக்குப் பொங்கல், எங்கள் வீட்டில் கிடையாது, அப்பா போய் இன்னும் வருடம் திரும்பவில்லை. அம்மாவோடு போனில் பேசிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

வேறு எதையாவது எழுதுகிறேன். இந்த நாட்டைப் பற்றி மேற்கிலிருந்து வந்தவர்கள் எழுதியதில் ஆரம்ப காலத்தது ஒன்று, கிறிஸ்தோஃபோரோ போரி என்ற இத்தாலியப் பாதிரியார் எழுதியது. 1618 முதல் 1622 வரை நாட்டின் நடுப்பகுதியில் இருந்தார், அவர் எழுதியது 1631இல் அச்சானது. அதில் ஒரு சம்பவம் வருகிறது. அவருக்கு முன்னால் வந்த பாதிரியார்கள் மக்களிடம் "கிறிஸ்தவராக விருப்பமா?" என்று கேட்பதாக நினைத்து ஒரு வாக்கியத்தைச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த வாக்கியத்துக்கு உண்மையான அர்த்தம், "சின்னப் பையா, போர்ச்சுக்கீசியர் வயிற்றுக்குள் போக விருப்பமா?" ஊர்க்காரர்கள் அதைச் சந்தையில் கூத்தாகவே போட்டிருக்கிறார்கள். போர்ச்சுக்கீசியர் வேஷம் கட்டிய ஒருவர், அவருக்கு ஒரு பெரிய செயற்கை வயிறு, அதற்குள் ஒரு பையன், அவனை வெளியே இழுத்துத் திரும்ப உள்ளே போகிறாயா என்று கேட்பார்கள், அவன் சரி என்பான், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தக் கூத்தைப் பார்த்த பிறகுதான் தாங்கள் இத்தனை நாளும் என்ன கேட்டு வந்தோம் என்று பாதிரியார்களுக்கு விளங்கியதாம்.

எனக்கு இதில் பிடித்தது, மறைக்காமல் போரி இதை எழுதி வைத்தது. அந்நியரை முறைக்காமல், கோபப்படாமல், நாடகம் போட்டுத் திருத்திய அந்தச் சந்தை ஜனங்களையும் பிடிக்கிறது.

22 ஜனவரி, புதன்

சந்திரக் கணக்கில் பன்னிரண்டாம் மாதம் 23. அடுப்புத் தெய்வங்கள் மேலே போகிற நாள். இரண்டு ஆண், ஒரு பெண், மூன்று பேரும் கெண்டை மீன் மேல் ஏறி வானத்துக்குப் போய், இந்த வீட்டில் இந்த வருடம் என்ன நடந்தது என்று பச்சைமாணிக்கப் பேரரசரிடம் ஒப்பிப்பார்கள். பாட்டி மூன்று காகிதத் தொப்பிகளும் உடைகளும் வாங்கி, படையலோடு வைத்து, பிறகு எரித்தார்.

மீன்களைப் பிளாஸ்டிக் பையில் தூக்கிக்கொண்டு பாட்டியோடு மேற்கு ஏரிக்குப் போனேன். பையோடு தண்ணீரில் எறிபவர்களும் இருக்கிறார்கள், பாலத்தின் மேலிருந்து எறிபவர்களும் இருக்கிறார்கள், வெளியாட்கள் அந்தப் படத்தைத்தான் எடுத்துப் போடுகிறார்கள், அது தப்பு என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் கரையோரமாக 'மீனை விடுங்கள், பையை விடாதீர்கள்' என்று அட்டை பிடித்துக்கொண்டு, பைகளை வாங்கிச் சேர்த்த கல்லூரிப் பிள்ளைகளும் அங்கேதான் நின்றார்கள். பாட்டி படியில் குந்தி உட்கார்ந்து, மீன்களை ஒரு சின்னப் பேசினுக்கு மாற்றி, பேசினை மெதுவாகத் தண்ணீருக்குள் சாய்த்தார். மூன்றில் ஒன்று போகாமல் அங்கேயே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல், அது தானாகத் திரும்பிப் போகிற வரை உட்கார்ந்திருந்தார். குளிரில் அவர் விரல் நுனியெல்லாம் வெளுத்துவிட்டது.

வழியில், புத்தாண்டுக்கு வீட்டில் வைக்கிற பீச் மரங்கள் விலை விசாரித்தோம், இந்த வருடம் அதிகம். செப்டம்பரில் யாகிப் புயலுக்குப் பின் சிவப்பு ஆறு ஏறியபோது ஞத் தான் பக்கத்துத் தோட்டங்கள் மூழ்கின, ஏகப்பட்ட மரங்கள் வேர் அழுகிச் செத்துப்போயின. பாட்டி பேரம் பேசவே இல்லை. ஒரு சின்னக் கிளை வாங்கினார்.

25 ஜனவரி, சனி

இன்று முழுக்க பான் சுங் வேலை, டெட் என்கிற சந்திரப் புத்தாண்டுக்கான அரிசிப் பணியாரம். நேற்றே ஊற வைத்த பசையுள்ள அரிசி, தோல் நீக்கிய பாசிப்பருப்பு, மிளகு பிசிறிய பன்றி இறைச்சி. 'தோங்' இலையை இரண்டு பக்கமும் துடைத்து, சதுரமாக மடித்து, மூங்கில் நாரால் கட்ட வேண்டும். எனக்குத் துடைக்கிற வேலை, பின்பு நார் பிடிக்கிற வேலை. சந்திலேயே விறகு அடுப்பு மூட்டிப் பெரிய தகரப் பீப்பாயில் வேக வைக்கிறார்கள், பத்துப் பன்னிரண்டு மணி நேரம், தண்ணீர் குறையக் குறைய ஊற்ற ஆள் வேண்டும், அதனால் ராத்திரி பூராவும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் பாட்டி கேட்டார். புது வருடம் பிறந்ததும் வீட்டுக்குள் முதலில் கால் வைக்கிறவரைப் பொறுத்துத்தான் அந்த வருடம் அமையும், அதற்கு 'சோங் தத்' என்று பெயர், வீட்டுத் தலைவரின் ராசிக்குப் பொருந்துகிறவராகப் பார்த்துச் சொல்லி வைப்பார்கள். பாட்டி 1947, பன்றி வருடம். நான் 1987, சீனக் கணக்கில் முயல், இங்கே முயல் கிடையாது, பூனை. பன்றி, பூனை, ஆடு மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். நான் குடிவந்த அன்றே வயதைக் கேட்டபோது இந்தக் கணக்கைப் போட்டு வைத்திருக்கிறார். "நீதான் வர வேண்டும்" என்றார்.

இங்கே துக்கம் இருக்கிறவர்கள் டெட் சமயத்தில் அடுத்தவர் வீட்டுக்குப் போக மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். ஆகஸ்டில் ஊருக்குப் போய் வந்தபோது வீட்டு வேலை என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன், இந்த மொழியில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இன்று சொன்னேன். அப்பா இறந்துவிட்டார், ஆறு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

பாட்டி ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். "சந்திரக் கணக்கில் என்றைக்கு?" என்று கேட்டார். ஆகஸ்ட் 9, வளர்பிறைப் பஞ்சமி என்று எனக்குத் தெரியும், இவர்கள் கணக்கு தெரியாது. பேரன் போனில் பார்த்து ஏழாம் மாதம் 6 என்றான். பாட்டி உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த புது நாள்காட்டியின் அட்டையில் பென்சிலால் 6-7 என்று எழுதினார், அவருடைய கணவர், மாமியார், தம்பி என்று வீட்டின் 'ஜோ' நாட்கள், அதாவது இறந்த நாட்கள், எழுதியிருந்த வரிசைக்குக் கீழே. இங்கே பிறந்தநாளை மறந்தாலும் மறப்பார்கள், இறந்த நாளை மறக்க மாட்டார்கள். அன்றைக்குச் சமைத்துப் படைத்து, உறவினர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

"அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். காபி என்றேன்.

29 ஜனவரி, புதன், டெட் முதல் நாள்

இன்று வீடு கூட்டக் கூடாது, வந்த அதிர்ஷ்டமும் குப்பையோடு போய்விடும். நள்ளிரவில் வாணவேடிக்கை பார்த்தோம், அரசாங்கம் விடுவது, பட்டாசு வெடிப்பது 1995 டெட்டிலிருந்து இங்கே தடை. முதல் கால் வைத்தது ஆடு வருடத்து மருமகன். நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

காலையில் கதவைத் திறந்தால், ஒரு கிண்ணத்தில் நிறைய அரிசி, ஊதுவத்தி குத்துவதற்கு, பக்கத்தில் மூடி போட்ட தம்ளரில் பால் இல்லாத கறுப்புக் காபி.

2 பிப்ரவரி, ஞாயிறு

முதல் மாதம் 5. டோங் டா மேட்டில் திருவிழா. 1789 டெட்டில் குவாங் சுங் மன்னர் சீனாவின் சிங் படையைத் தோற்கடித்த இடம். தன் படைக்கு அவர் சொன்ன அறைகூவல் இன்றும் பிள்ளைகளுக்கு மனப்பாடம்: நீள முடி வைத்துக்கொள்ளப் போரிடுவோம், பல்லைக் கறுப்பாக வைத்துக்கொள்ளப் போரிடுவோம்.

கூட்டத்தில் கறுப்புப் பல்லோடு ஒரு மூதாட்டியைப் பார்த்தேன், தொண்ணூறு வயதுக்கு மேல் இருக்கும். இப்போது இப்படிப் பல் உள்ளவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு காலத்தில் இங்கு வந்த ஐரோப்பியர்கள் இதை வெற்றிலைக் கறை என்றும் சொத்தை என்றும் எழுதினார்கள். அது அரக்கை வைத்துப் பல நாள் பத்தியமிருந்து ஏற்றுகிற சாயம், வழவழவென்று மின்னுகிறது. வெள்ளைப் பல் நாய்க்கும் இருக்கிறது, மனுஷருக்குக் கறுப்புதான் அழகு என்று இருந்த ஊர் இது. அந்த மூதாட்டி பேத்தியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபோது, பல்வரிசையில் வெயில் பட்டு ஒரு நொடி பளிச்சிட்டது.

12 பிப்ரவரி, புதன், சைகோன்

வேலை விஷயமாக வந்தேன். இன்று முதல் மாதப் பௌர்ணமி, வருடம் பூராவும் கும்பிட்டாலும் இந்த ஒரு நாளுக்கு ஈடாகாது என்பார்கள். சாயங்காலம் ட்ருவாங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போனேன், பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் இங்கே வந்து வியாபாரம் செய்த நம்மவர்கள் கட்டியது. அந்தக் காலத்து சைகோன் இந்தியர்களை 'ஆன் பாய் சா' என்று கூப்பிட்டது, சா இனத்து ஏழாம் அண்ணன். ஊர் பேர் தெரியாத வட்டிக் கடைக்காரருக்கும் துணிக் கடைக்காரருக்கும்கூட ஒரு அண்ணன் முறை கொடுத்து, வரிசை எண்ணும் கொடுத்திருக்கிறார்கள்.

கோயிலுக்குள் தமிழ் முகம் ஒன்றிரண்டுதான், மற்றதெல்லாம் இந்த ஊர்ப் பெண்கள், கை நிறைய ஊதுவத்தியும் மல்லிகையும். கருவறைக்குப் பின்பக்கம் கல் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் பதித்து, நெற்றியை முட்டி, வாய்க்குள் பேசுகிறார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்த பெண்ணிடம், அம்மனை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். "பா" என்றாள். பாட்டி. "உன்னை 'கோன்' என்று சொல்லிக்கொள்." கோன் என்றால் பிள்ளை.

அவள் முறை வந்தது, சுவரில் கையை வைத்தாள். "கோன் லாய் பா" என்று தொடங்கினாள், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.