இரண்டு கடற்கரைக் கூட்டங்கள்

மெரினாவில் உழைப்பாளர் சிலையைக் கடக்கும்போதெல்லாம், பாறையை நெம்பும் அந்த நால்வரின் முறுகிய முதுகுத் தசைகளைச் சற்று நின்று பார்ப்பது என் வழக்கம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அச்சிலை 1959இல் வந்தது; ஆனால் இந்தக் கடற்கரைக்கும் மே தினத்துக்கும் உள்ள உறவு அதைவிட மூத்தது.

நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே 1 அன்று அமெரிக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்ததைத் தொடர்ந்து தொழிலாளர் தலைவர்கள் தூக்கிலிடப்பட்டதும் பலரும் அறிந்த கதை. 1889இல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு அந்த நாளை உலகுக்குப் பொதுவாக்கியது.

சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் மீனவக் குடும்பத்தில் பிறந்து வழக்கறிஞரான ம. சிங்காரவேலர். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றி, 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளின் நீண்ட வேலைநிறுத்தத்தைக் கண்டிருந்த நகரத்தில், 1923 மே 1 அன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் அவர் கூட்டங்கள் நடத்தினார். இந்தியாவில் மே தினம் கொண்டாடப்பட்டது அதுவே முதன்முறை. அன்றைய கூட்டத்தின் கோரிக்கைகளுள் ஒன்று, மே முதல் நாளை அரசு விடுமுறையாக அறிவிக்க வேண்டும் என்பது. நாள்காட்டியில் இன்று சிவப்பில் அச்சாகும் அந்த எண், அன்று மணலில் நின்று கேட்கப்பட்டது.