கியெரிம்ஸ்கியின் ‘ஆரஞ்சு விற்கும் யூதப் பெண்’: தேர்வில் எழுதும் முறை

கலை வரலாற்றுத் தாளில் போலந்து ஓவியர் அலெக்ஸாந்தர் கியெரிம்ஸ்கியின் இந்தப் படம் வந்தால் பல விடைகள் களவுக் கதையிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. இரண்டாம் உலகப் போரில் வார்சா தேசிய அருங்காட்சியகத்திலிருந்து பறிபோன ஓவியம் 2010-இல் ஹாம்பர்க் அருகே ஓர் ஏலத்தில் தென்பட்டு, 2011-இல் திரும்பி வந்தது. இதற்கு இரண்டு வரி போதும், அதுவும் விடையின் கடைசியில். மதிப்பெண் நீங்கள் கண்ணால் பார்த்ததற்குத்தான்.

படிக்கும்போதே வரைந்து பழகுங்கள். ஓவியத்தின் அளவு 65 × 54 செ.மீ. ஐந்தில் ஒரு பங்காக 13 × 10.8 செ.மீ. கட்டம் போட்டு, பென்சிலால் தலை, தோள், கூடைகள், பின்னால் மங்கும் நகரம் ஆகியவற்றின் இடத்தை மட்டும் குறியுங்கள். முகபாவம் வரைய வேண்டாம். உருவம் கட்டத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது அப்போதுதான் கைக்குப் புரியும். அடுத்து, அச்சுப் பிரதியில் ஆரஞ்சுப் பழங்களை விரலால் மறையுங்கள். சாம்பலும் பழுப்பும்தான் மிஞ்சும். விரலை எடுத்தால் அந்தச் சிறு நிறத்திட்டு படம் முழுவதையும் சூடேற்றுவது தெரியும். முகமும் கைகளும் நுணுக்கமாக, பின்னணி பனிமூட்டமாக இருப்பதையும் சேர்த்து எழுதினால் விடையின் முதுகெலும்பு கிடைத்துவிடும். பிரதி எடுக்க அருங்காட்சியகத்தின் பக்கத்தையே நாடுங்கள்; மீட்டபின் ஓவியம் பழுதுபார்க்கப்பட்டதால் பழைய பிரதிகளில் நிறம் மாறியிருக்கும்.

‘பரிதாபம்’, ‘சோகம்’ என்று எழுதி நிறுத்துவது பெரிய பலவீனம். பெயர் தெரியாத ஒரு தெருவியாபாரிக்கு, வசதியானவர்கள் தமக்கு வரைவித்துக்கொள்ளும் உருவப்பட அமைப்பைக் கொடுத்திருக்கிறார் ஓவியர். யதார்த்தவாதம், அதாவது வாழ்வை உள்ளபடி காட்டும் கலைப்போக்கு, என்பதை இங்கிருந்து விளக்குவதே வலுவானது. ஒப்பீட்டுக்குப் போலந்து வரலாற்று ஓவியர் மாட்டேய்கோவின் ‘க்ருன்வால்ட் போர்’ நல்ல துணை: 1878-இல் முடிந்தது, 426 × 987 செ.மீ. அங்கே மன்னர்களும் வெற்றியும். இரண்டு மூன்று ஆண்டு கழித்து இங்கே ஒரு கிழவியும் கூடையும். ரஷ்ய ஆட்சிக்கு எதிரான 1863 எழுச்சி தோற்றபின் வார்சா அறிவுலகம் வீரக் கனவிலிருந்து அன்றாட வாழ்வுக்குத் திரும்பியதை இந்த இடத்தில் சேருங்கள்.

தேதியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஓவியம் 1880–81. கலை விமர்சகர்களான விட்கியேவிச்சும் சிகெட்டின்ஸ்கியும் வார்சாவின் ‘வென்ட்ரோவியெட்ஸ்’ இதழில் யதார்த்தவாதத்துக்காக வாதாடியது 1884-இல். அந்த இதழின் தாக்கத்தால் இப்படம் பிறந்தது என்று எழுதினால் காலம் தலைகீழாகிவிடும். அன்று போலந்து என்ற நாடு வரைபடத்தில் இல்லை, வார்சா ரஷ்ய ஆட்சியில் இருந்தது. பெயரிலும் குழம்ப வேண்டாம்: இதை வரைந்தவர் அலெக்ஸாந்தர் கியெரிம்ஸ்கி; 1874-இலேயே இறந்த ஓவியர் மாக்ஸிமிலியன் கியெரிம்ஸ்கி அவருடைய அண்ணன். போலந்தின் கட்டோவிட்ஸே நகர அருங்காட்சியகத்தில் இருப்பது அவர் வரைந்த எலுமிச்சை விற்கும் பெண், அது வேறு ஓவியம்.

30 நிமிட வினாவானால் பார்க்க 5, கண்ட விவரத்துக்கு 15, பின்புலத்துக்கு 7, ஆண்டுகளைச் சரிபார்க்க 3.