வகுப்புக்கு முன்னால் நாற்பது நிமிடம்

எந்த கேமரா வாங்கலாம் என்பதுதான் மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. வேலூரில் படிப்பவர் அதற்கு முன் பார்க்க வேண்டியது சூரிய உதய நேரம்.

நம் ஊர் ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சூரியன் இங்கே கிட்டத்தட்ட செங்குத்தாக மேலேறிவிடும். மென்மையான மஞ்சள் வெளிச்சம் உதயத்திலிருந்து நாற்பது நிமிடம், மிஞ்சினால் ஐம்பது. ஜூனில் உதயம் 5.50க்கு முன்னாலேயே வரும். ஜனவரி கடைசியில் 6.40ஐ ஒட்டி. எட்டு மணி வகுப்பு இருந்தாலும் முடித்துவிட்டுப் போகலாம். மதிய நேரத்தில் ஆட்களைப் படமெடுக்கவே வேண்டாம். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து, கண்குழியெல்லாம் கறுத்துப்போகும்.

வாரம் ஒரு புது இடம் என்று அலைவதைவிட, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதே மாணவருக்கு ஏற்றது. அதற்கு வேலூர்க் கோட்டையை மிஞ்சி எதுவும் இல்லை. வாசல் கிழக்குப் பக்கம் இருப்பதால், காலையில் அகழிக்கு இந்தப் பக்கம் நின்றால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கல்லின் நிறம் அருமையாக வரும், ஆனால் மதில் தட்டையாகத் தெரியும். டிசம்பரில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கும். அப்போது தெற்கு மதிலில் வெளிச்சம் உரசிக்கொண்டு போகும், கல்லுக்குக் கல் இணைப்பு தெரியும். ஜூனில் அதே அழகு வடக்கு மதிலுக்கு. காற்று கிளம்புவதற்கு முன் அகழி நீரில் மதிலின் பிம்பம் முழுதாகத் தெரியும். பிரதிபலிப்பு மதிலைவிட எப்போதும் இருட்டாகவே இருக்கும். எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவை) மதிலுக்கு வைத்து, நீரை எடிட்டிங்கில் கொஞ்சம் வெளிச்சமாக்கிக்கொள்ளுங்கள்.

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் பாயும் குதிரைகளும் யாளிகளும்தான் உண்மையான பரீட்சை. உள்ளே நிழல், வெளியே வெயில். ஆட்டோ மோடில் விட்டால் கேமரா வெளி வெளிச்சத்தை நம்பித் தூணைக் கரியாக்கும். ஃப்ளாஷ் போட்டால் செதுக்கலின் ஆழமே போய்விடும். ஸ்பாட் மீட்டரிங்கில் (ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) தூணை அளந்து, எஃப் 4 (லென்ஸ் திறப்பு; எண் குறைந்தால் திறப்பு பெரிது), ஷட்டர் 1/100 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 1600இல் தொடங்கி, இருட்டாக இருந்தால் 3200க்குப் போங்கள். கொஞ்சம் நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான சொரசொரப்பு) வந்தால் குறையில்லை, அசைந்த படத்தைத்தான் காப்பாற்ற முடியாது. எஃப் 1.8இல் ஃபோகஸ் ஆழம் குறைவதால் குதிரையின் மூக்கு ஷார்ப்பாகவும் வீரனின் முகம் மங்கலாகவும் வரும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் அனுமதி வாங்காமல் ட்ரைபாட் விரிக்க வேண்டாம். கோயிலுக்குள் எங்கே எடுக்கலாம் என்று கேட்டுவிட்டே எடுங்கள்.

கருவி? பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமரா) ஒன்று, 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று போதும். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ஷட்டர் கவுண்ட் (இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற கணக்கு) பாருங்கள். லென்ஸுக்குள் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

நம் லென்ஸிலும் பூஞ்சை வரும், குறிப்பாக அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையில். ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்குப் பயன்படுத்தாத சட்டியில் சிறுதீயில் சூடாக்கினால் பழைய நிறம் திரும்பும். ஜெல்லுக்குப் பதில் அரிசி வேண்டாம், அதன் மாவுத்தூள் லென்ஸில் ஒட்டும். ஏசி லேபிலிருந்து வெளியே வந்ததும் பையைத் திறக்காதீர்கள், கண்ணாடியில் ஆவி படியும். அரை மணி நேரம் ஜிப் மூடியே இருக்கட்டும்.

நேரத்தை உண்மையில் தின்பது எடிட்டிங். 24 மெகாபிக்சல் ரா ஃபைல் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) ஒன்று சுமார் 25 எம்பி. நானூறு எடுத்தால் 10 ஜிபி, அதில் பொறுக்கவே ஒரு இரவு போகும், லேப் ரெக்கார்ட் அப்படியே கிடக்கும். ஒரு காலைக்கு நாற்பது படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவே மங்கலானவற்றை அழித்து, ஐந்தை மட்டும் டார்க்டேபிள் என்ற எடிட்டிங் மென்பொருளில் திருத்துங்கள். அது இலவசம். எஸ்டி கார்டை ஃபார்மேட் செய்வதற்கு முன் லேப்டாப்பிலும் ஹார்டு டிஸ்க்கிலும் நகல் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.