அப்பா கேட்ட அந்த 280 பேர்

மேற்கு மாம்பலம் வீட்டின் மாடி அறை இந்த வாரம் அப்பாவுக்கு மட்டும். என் ஐந்து வயது மகள் அறைக்குள் போகக் கூடாது. வாசலிலேயே நின்று, வரைந்த யானையைத் தூக்கிக் காட்டுகிறாள். "தும்பிக்கை பிரமாதம்டா குட்டி" என்கிறார் கட்டிலில் இருந்தபடியே.

புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. ஹார்மோன் ஊசி, கீமோ எல்லாம் பார்த்தாயிற்று. திங்கட்கிழமை லுட்டீசியம் 177 என்ற கதிரியக்க மருந்தின் முதல் டோஸ். ஈயக் கவசத்துக்குள் வந்த மருந்து கொஞ்ச நேரத்திலேயே ஏறி முடிந்தது. புற்றுநோய் செல்களின் மேல் பிஎஸ்எம்ஏ என்ற புரதம் நிறைய இருக்கும். மருந்து அதில் போய் ஒட்டிக்கொண்டு, ஓரிரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் இருக்கும் செல்களைக் கதிர்வீச்சால் அழிக்கிறது. ஒட்டுமா என்பதை முன்னாடியே பெட் ஸ்கேனில் பார்த்துவிட்டார்கள். கூடவே கொஞ்சம் காமா கதிரும் வெளியே வரும், அதற்குத்தான் தனியறை. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் மருந்தை இழுத்துக்கொள்வதால் வாய் உலரும். ரசம் சாதத்தைக் குடிக்கிற பதத்தில் கரைத்துக் கேட்கிறார்.

அப்பா கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மருந்தைச் சோதித்த 'விஷன்' என்ற ஆய்வைப் பற்றி டாக்டர் சொன்னார்: 2021இல் முடிவு வெளியானது, மொத்தம் 831 பேர். குலுக்கல் முறையில் 551 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு இந்த மருந்தும், 280 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், மருந்து பெற்றவர்களுக்கு 15.3 மாதம், மற்றவர்களுக்கு 11.3. அந்த நான்கு மாத வித்தியாசம்தான் என் காதில் விழுந்தது. அப்பா கேட்டது வேறு.

"அந்த 280 பேருக்கு மருந்து இல்லைன்னு தெரியுமா?"

தெரியும். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மறைக்காத ஆய்வு அது. ஆரம்பத்தில் சேர்ந்து, மருந்து இல்லாத பக்கம் விழுந்தவர்களில் பாதிக்கு மேல் விலகிப் போனார்கள். யாரால் அவர்களைக் குறை சொல்ல முடியும்? ஆய்வு மையங்களுக்கு நன்றாக எடுத்துச் சொன்ன பிறகுதான் விலகல் குறைந்தது. அந்த 280 பேரால்தான் அந்த 11.3 கிடைத்தது; அது இல்லாமல் 2022 மார்ச்சில் அமெரிக்க அனுமதியும் இல்லை, எங்கள் திங்கட்கிழமையும் இல்லை.

அடுத்த டோஸ் ஆறு வாரம் கழித்து. நேற்று ராத்திரி தட்டை வாசலில் வைத்தபோது அப்பா சொன்னார்: "அடுத்து வேற ஏதாவது மருந்துக்கு ஆய்வுன்னு ஆள் கேட்டா, என் பேரைக் கொடுப்பா."

எந்தப் பக்கம் விழுந்தாலும் சம்மதமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.