நீல விளக்கைப் பிடிக்கும் கை

சொத்தைக் குழியை அடைக்கும் பல் நிற ரெசினான காம்போசிட் எந்த நிறுவனத்தினுடையது நல்லது என்று பல் மருத்துவர்கள் மணிக்கணக்கில் விவாதிப்போம். அதை இறுக வைக்கும் விளக்கைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. பொத்தானை அமுக்கினால் நீல ஒளி வருகிறது, பீப் என்கிறது, வேலை முடிந்தது என்ற நினைப்பு.

ஒளி போதாத அடைப்பும் மேற்பரப்பில் கெட்டியாகத்தான் இருக்கும். பல்லைத் தடவிச் சோதிக்கும் கூர்க்கருவியான புரோபின் முனையால் கீறினால் தடம் விழாது, மெருகேற்றினால் பளபளக்கும். குறை இருப்பது அடியில். இரண்டு பற்களுக்கு இடையில் விழுந்த சொத்தையை அடைக்கும்போது, ஈறோரம் இருக்கும் குழியின் தரை விளக்கின் முனையிலிருந்து 6, 7 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. பல விளக்குகளில் அந்தத் தொலைவிலேயே ஒளியின் செறிவு பாதியாகச் சரிந்துவிடும். மறுபடி சொத்தை பிடிப்பதும் பெரும்பாலும் அதே ஈறோரத்தில்தான்.

கடைசிக் கடைவாய்ப் பல் என்றால் இன்னும் சிக்கல். வாய் முழுதாகத் திறக்காது, கன்னம் தள்ளும், விளக்கின் தலை சாய்ந்துகொள்ளும். சாய்ந்தால் பல்லின் முகடே குழிக்குள் நிழலை விழ வைக்கும். போதாததற்கு, கண் கூசுகிறதென்று விளக்கைப் பிடித்திருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்; பார்வை போன பக்கம் கையும் நழுவும். ஆகவே நான் ஆரஞ்சுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றி, ஒளி எங்கே விழுகிறது என்று கடைசி விநாடிவரை பார்த்துக்கொண்டே இருப்பேன். இந்த வேலையை உதவியாளரிடம் விடுவதென்றால் அவருக்கும் அந்தக் கண்ணாடி வேண்டும். (“லேசரா டாக்டர்?” என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை, எல்இடி விளக்குதான்.)

காம்போசிட்டை அடுக்கடுக்காக வைத்து இறுக்குவோம். ஹாலஜன் விளக்குகள் இருந்த காலத்தில் ஒவ்வோர் அடுக்குக்கும் 40 விநாடி காத்திருந்தோம். இப்போது 3 விநாடி போதும் என்று விளம்பரம் செய்யும் விளக்குகள் வந்துவிட்டன. கணக்கு எளிதுதான்: சதுர சென்டிமீட்டருக்கு 400 மில்லிவாட் என்று 40 விநாடி கொடுத்தாலும், 1600 என்று 10 விநாடி கொடுத்தாலும் 16 ஜூல். ஆனால் ரெசின் இந்தக் கணக்குக்கு அப்படியே கட்டுப்படுவதில்லை. காம்போசிட் இறுகும்போது பொதுவாகக் கன அளவில் 2 முதல் 3 சதவீதம் சுருங்குகிறது. சட்டென்று இறுகினால் அந்த இழுவிசை தணிய நேரம் கிடைக்காமல் பல்லோடு ஒட்டிய விளிம்பின் மீது ஏறுகிறது. குறைந்த ஒளியில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும் முறை இதற்காகவே வந்தது. ஆய்வுக்கூடத்தில் அது காட்டிய பலன் வாய்க்குள் அவ்வளவாகத் தெரியவில்லை என்பது என் எண்ணம். 2 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளில் எனக்கு அதைவிட நம்பிக்கை அதிகம்.

வெளுத்த நிறக் காம்போசிட் சிலவற்றில் வேறொரு தொல்லை உண்டு. ஒளி பட்டதும் இறுகலைத் தொடங்கிவைக்கும் வழக்கமான தூண்டியான கேம்ஃபர்குயினோன் 468 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியில் நன்றாக வேலை செய்யும். ஆனால் அது மஞ்சள் நிறம். அதன் அளவைக் குறைத்துவிட்டு, பதிலுக்குச் சேர்க்கும் வேறு தூண்டிகளுக்கு ஊதாவை ஒட்டிய ஒளி வேண்டும். நீலம் மட்டும் தரும் விளக்கை எவ்வளவு நேரம் காட்டினாலும் அவற்றுக்குப் போதாது.

பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் பற்கூழுக்கு அருகில் ஆழமான குழி என்றால் ஒளியை ஒரே மூச்சில் கொடுக்காமல் விட்டுவிட்டுக் கொடுத்து, பக்கவாட்டில் காற்று ஊதச் சொல்வேன், சூடு ஏறக்கூடாது. அடைக்கும்போது பல்லைச் சுற்றித் தற்காலிகச் சுவராக வைக்கும் உலோகப் பட்டையைக் கழற்றிய பிறகு கன்னப் பக்கமிருந்தும் நாக்குப் பக்கமிருந்தும் இன்னொரு முறை ஒளி கொடுப்பேன். பட்டை இருந்தவரை அந்தச் சுவர்களுக்குப் பக்கவாட்டு ஒளி போயிருக்காது.