அப்பச்சியை மறதி நோய் ஆய்வில் சேர்த்தோம்

மறதி நோய்க்கான புது மருந்து ஆய்வில் அப்பச்சியை, அதாவது எங்கள் அப்பாவை, சேர்க்கலாமா என்று மதுரை டாக்டர் கேட்டதும், சிங்கப்பூரிலிருக்கும் அண்ணன் போனிலேயே சத்தம் போட்டார். காரைக்குடிப் பக்கம் பல வீடுகளில் இந்தப் பயம் இருக்கும். அதனால் எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன்.

வைட்டமின் பி12, தைராய்டு குறைபாட்டால் வரும் மறதி சிகிச்சையில் சரியாகக்கூடியது என்பதால் அந்த ரத்தப் பரிசோதனைகளை முதலிலேயே பார்த்துவிட்டார்கள். தலைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் ஆயிற்று. தொடக்கநிலை அல்சைமர் என்றார்கள்.

ஆய்வுக்குத் தகுதி பார்க்க 30 மதிப்பெண் நினைவாற்றல் சோதனை. 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். ஆயுசு முழுக்கப் பேரேடு எழுதிய அப்பச்சி 93, 86, 79 என்று மடமடவென்று சொன்னார்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அதற்குச் சற்று முன் சொல்லிக்கொடுத்த மூன்று சொற்களைத் திருப்பிக் கேட்டால் ஒன்றுகூட வரவில்லை. "எப்பச் சொன்னீக?" என்கிறார்கள். ஊறிப்போன கணக்கு நிற்கும், புதிதாகக் கேட்டது தங்காது. இந்த நோய் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும் என்று விளக்கினார்கள். கணக்குப் பிசகவில்லை என்பதை மட்டும் வைத்து யாரும் ஆறுதல் அடைந்துவிடாதீர்கள்.

பிறகு என்னைத் தனியே உட்காரவைத்துக் கேட்டார்கள். கடைக்குப் போனால் தனியே திரும்புகிறார்களா, விசேஷ வீட்டில் பங்காளிகளை அடையாளம் தெரிகிறதா, குளிக்கச் சொல்லி நினைவூட்ட வேண்டுமா, எப்போதிருந்து இப்படி? கூடவே இருந்து பார்ப்பவர் ஒருவர் இல்லாவிட்டால் இந்த ஆய்வில் சேர்க்கவே மாட்டார்களாம். நம் ஊர்களில் பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் வீட்டில் பெரியவர்கள் மட்டும். அவர்களுக்காக யார் வந்து பதில் சொல்வது? இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஒப்புதலுக்குத்தான் அதிக நேரம் எடுத்தார்கள். தமிழில் அச்சிட்ட தகவல் தாளை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். ஒரு பிரிவினருக்கு மருந்து, இன்னொரு பிரிவினருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. அண்ணன் கோபப்பட்டது இதற்குத்தான். ஏற்கெனவே சாப்பிடும் டொனெபெசில் என்ற மறதி நோய் மாத்திரையை நிறுத்த வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையாது, ஆய்வால் பாதிப்பு வந்தால் மருத்துவச் செலவும் இழப்பீடும் உண்டு என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தார். இத்தகைய ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ. என்னும் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயம். பதிவு எண்ணை இணையத்தில் தேடிப் பார்த்த பிறகே அண்ணன் சரி என்றார்.

நான் கையெழுத்துப் போடுவதோடு விடவில்லை. கேமராவை வைத்து, அப்பச்சியிடமே நிதானமாகச் சொல்லிச் சம்மதம் கேட்டார் டாக்டர். அப்பச்சி கேட்ட ஒரே கேள்வி: "மதுரைக்கு வந்து போற கார் வாடகை யாரு குடுக்குறது?" ஆய்வுச் செலவில் தருவோம் என்றதும் பேனாவை வாங்கிக்கொண்டார்கள். மறதி வந்த மனிதரையும் மனிதராக மதித்துக் கேட்டார்களே, அந்த இடத்தில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

இப்போது தினமும் மாத்திரை கொடுத்துக் குறிப்பேட்டில் எழுதுவது என் பொறுப்பு. தலைசுற்றல், தூக்கமின்மை எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். சேர நினைப்பவர்கள் தகவல் தாளில், ஆய்வைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.