அடுக்கில் காய்ந்த பலகை

செங்கோட்டையில் தாத்தா மரவாடி போட்டபோது இந்த ஊர் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. ஆரியங்காவு வழியாக மலை மரம் இறங்கும்: தேக்கு, வேங்கை, மருது, அயினி. 1956 நவம்பர் 1 அன்று ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மரம் வந்த மலைப்பாதை அப்படியே இருக்க, நடுவில் மாநில எல்லை வந்துவிட்டது.

தாத்தா எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் தடி, அதாவது அறுக்காத உருண்டை மரம், அளப்பது. சுற்றளவு 60 அங்குலம், நீளம் 10 அடி என்று வையுங்கள். சுற்றளவில் கால் பங்கு 15. பதினைந்தைப் பதினைந்தால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் 15.6 கன அடி. வட்டக் கணக்குப் போட்டால் அதே தடி ஏறக்குறைய 20 வரும். அந்த வித்தியாசம் பட்டைக்கும் தூளுக்கும் விட்டுக்கொடுப்பது. டேப்பின் ஒரு முனையை வாங்க வந்தவர் கையில் கொடுத்துத்தான் தாத்தா அளப்பார். நானும் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

அப்பா காலத்தில்தான் பெரிய அடி விழுந்தது. நீலகிரியின் கூடலூர்க் காடுகளை முன்வைத்துத் தொடங்கிய கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. காட்டில் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. மலை லோடு குறையக் குறைய, அப்பா தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய் பர்மா தேக்கும் மலேசிய மரமும் எடுக்க ஆரம்பித்தார். கடையின் முன்பக்கம் தாழையூத்துச் சிமெண்டும் கம்பியும் பிளைவுட்டும் ஏறின. 2014 ஏப்ரலில் மியான்மர் தடி ஏற்றுமதியை நிறுத்தியது. அப்புறம் கானா, ஈக்வடார் தேக்கு. பெரும்பாலும் இளவயதில் வெட்டிய வளர்ப்புத் தேக்கு. வெளிப்பக்கத்து வெள்ளை மரம் அதிகம், நடுவில் இருக்கும் கெட்டியான வைரம் குறைவு. வாங்குபவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

நான் கடைக்கு வந்த இரண்டாம் வருடம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தையில் பால் காய்ச்ச வேண்டும் என்று அவசரப்பட்டார். ஐப்பசி மழையில் அறுத்த பலகையைக் கதவுக்குக் கொடுத்துவிட்டேன். தொட்டுப் பார்த்தபோதே உள்ளங்கையில் ஈரக் குளிர்ச்சி தெரிந்தது, தெரிந்தும்தான் கொடுத்தேன். சித்திரையில் அப்பாவோடு அவர் வீட்டுக்குப் போனேன். மரம் சுருங்கி, பலகைக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், இடைவெளி. அதன் வழியாக வெயில் தரையில் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கோடுகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

"சார், வேற கதவு போட்டுத் தர்றோம். ஆசாரி கூலியும் எங்களோடது" என்றார் அப்பா. வாத்தியார் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வாடிக்குத் திரும்பியதும் அப்பா என்னைத் திட்டவில்லை. ஒரு சாக்குக்கட்டியை எடுத்துக் கொடுத்து, ஒவ்வொரு அடுக்கிலும் அறுத்த தேதியை எழுதச் சொன்னார். பலகைக்கு நடுவே ரீப்பர் என்னும் மெல்லிய மரச்சட்டம் வைத்துக் காற்றுப் போக அடுக்குவதும், நிழலில் போடுவதும், முனையில் வெடிப்பு வராமல் பெயிண்ட் அடிப்பதும் முன்பே தெரியும். பொறுத்திருப்பதை மட்டும் அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

இப்போது ரெடிமேட் கதவு கேட்டு வருபவர்கள்தான் அதிகம். அதையும் விற்கிறோம், நன்றாகவே போகிறது. ஆனால் பின் கொட்டகை இன்னும் மரத்துக்குத்தான். ஆவணியில் அறுத்த வேங்கை அங்கே தேதியோடு கிடக்கிறது. போன வாரம் ஒருவர் அதைக் கதவுக்குக் கேட்டார். பங்குனிக்கு வாங்க என்றேன்.

"சரி அண்ணாச்சி, எடுத்து வைங்க" என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். அந்த அடுக்கின் மேல் அவர் பெயரையும் சாக்குக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன்.